குடிய விட எந்த மீட்டிங்குக்குப் போறது? ஏஏ, ஸ்மார்ட், ஆன்லைன் எல்லாத்தையும் வச்சு ஒரு ஒப்பீடு

குடிய விடணும்னு முடிவு பண்ணவங்க மொதல்ல கேக்குறது "எந்த மீட்டிங் நல்லா இருக்கும்?"னுதான். மீட்டிங்னா, குடிய விட நெனைக்கிறவங்களும் விட்டவங்களும் ஒண்ணா கூடிப் பேசுறது. நான் குடிய விட்டுட்டு இந்த மாதிரி ரூம்கள்ல உக்காந்துட்டு வர்ற ஆளு, ஏஏலயும் இருந்திருக்கேன், ஸ்மார்ட் ரெக்கவரியிலயும் உக்காந்திருக்கேன், ஆன்லைன்லயும் நெறைய பாத்திருக்கேன். அதனால என் அபிப்பிராயத்த மொதல்லயே சொல்லிடுறேன். நீங்க வழக்கமா முதல் கிளாஸ எடுக்குற நேரம் எதுவோ அந்த நேரத்துல, அலைச்சல் இல்லாம போய்ச் சேர முடியற மீட்டிங்தான் உங்களுக்கு முதல் சாய்ஸ். கொள்கை என்ன, என்ன புஸ்தகம் படிக்கிறாங்க, சாமி பேச்சு உண்டா இல்லையாங்கறதெல்லாம் முக்கியம்தான், ஆனா ரெண்டாவதுதான். இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சரியான குரூப்ப தேடுறேன் தேடுறேன்னு வாரக்கணக்கா படிச்சுட்டே இருந்து, படிச்சு முடிக்கிற வரைக்கும் குடிச்சுட்டும் இருக்குறவங்க ரொம்பப் பேரு.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இத தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. தினமும் நெறைய குடிச்சு பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. கடைசியா குடிச்சதுலருந்து 6 மணி நேரம் தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல டெலிரியம் ட்ரெமன்ஸ்னு சொல்ற நெலம வரலாம், ஆளு குழம்பிப் போய் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். காலையில எந்திரிச்சதும் கை நடுங்குது, குடிச்சாத்தான் நிக்குதுன்னா, இதுக்கு முன்னாடி நிறுத்தினப்போ வலிப்பு வந்திருக்குன்னா, நீங்க மொதல்ல போக வேண்டியது டாக்டர்கிட்ட, மீட்டிங் அதுக்கப்புறம்தான். எவ்வளவு நல்ல குரூப்பா இருந்தாலும், குடிய நிறுத்தினதும் உடம்பு படுற இந்தப் பாட்டுக்கு, அதாவது வித்ட்ராயலுக்கு, அது மருந்து ஆகாது.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம ஏஏன்னு சொல்றது. உலகத்துல சுமார் 180 நாடுகள்ல இருக்கு, வேற எந்த குரூப்பும் இந்தப் பரவலுக்குப் பக்கத்துல கூட வர முடியாது. இது தொடங்கின விதமே மீட்டிங் தேடுற நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்ல பில் வில்சன்னு ஒருத்தர், குடிய விட்டு சில மாசம்தான் ஆச்சு, வியாபாரத்துக்காக வந்த வேல ஊத்திக்கிச்சு, ஹோட்டல் லாபியில தனியா நிக்கிறாரு, ஒரு பக்கம் பார்லருந்து சத்தம் கேக்குது. பாருக்குள்ள போகாம, அங்க இருந்த சர்ச் லிஸ்ட்ட பாத்து ஒவ்வொரு நம்பரா போன் போட்டு, பேச ஒரு குடிநோயாளி வேணும்னு கேட்டாரு. அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் கிடைச்சாரு. கால் மணி நேரம்தான் பேசுவேன்னு சொல்லிட்டு வந்த டாக்டர் மணிக்கணக்கா பேசிட்டு இருந்தாரு. அவரு கடைசியா குடிச்ச ஜூன் 10ஐத்தான் ஏஏ தன்னோட பிறந்த நாளா வச்சிருக்கு. ஆக, குடிக்கணும்னு கை பரபரக்குற நேரத்துல இன்னொரு குடிநோயாளிய தேடிப் புடிச்சுப் பேசுறதுதான் இதுக்கு அடிப்படை, குடியிலருந்து மீள்றதுக்கு ஏஏ வகுத்து வச்சிருக்குற பன்னிரண்டு படி எல்லாம் அதுக்கு அப்புறம் எழுதினது.

உள்ள போனா என்ன நடக்கும்னு தெரியாமத்தான் பாதிப் பேரு வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிடுறாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. வட்டமாவோ வரிசையாவோ நாற்காலி போட்டிருக்கும், ஒரு ஓரத்துல டீ இல்லன்னா காபி இருக்கும். யாராவது ஒருத்தர் தொடங்கி வச்சு, ஒரு சின்ன வாசகத்தப் படிப்பாரு. புதுசா யாராவது வந்திருக்கீங்களான்னு கேப்பாங்க, நீங்க கைய தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். அப்புறம் ஒவ்வொருத்தரா பேசுவாங்க, ஒருத்தர் பேசி முடிச்சதும் "நன்றி"ன்னு சொல்லிட்டு அடுத்தவருக்குப் போயிடும், நடுவுல யாரும் அட்வைஸ் பண்ண மாட்டாங்க, குறுக்குக் கேள்வி கிடையாது. உங்க முறை வந்தா "இன்னிக்கு நான் கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா போதும், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில எடத்துல ஒன்றரை மணி நேரம். கடைசியில ஒரு பை இல்லன்னா டப்பா சுத்தி வரும், விருப்பப்பட்டவங்க போடுவாங்க, புதுசா வந்தவங்க போடவே வேணாம்னு வாயத் திறந்தே சொல்லிடுவாங்க. கட்டணம் கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது. குடிய விடணும்ங்கற ஆசை இருந்தா போதும், மெம்பர் ஆக வேற தகுதி எதுவும் தேவையில்ல.

ஏஏக்குள்ளயே பல விதம் இருக்கு, லிஸ்ட்ல இத கவனிச்சுப் பாருங்க. ஓபன் மீட்டிங்னா யாரு வேணா வரலாம், மனைவி, அண்ணன், ஃப்ரெண்டு யாரையாவது கூட்டிட்டுப் போகலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சன உள்ளவங்களுக்கு மட்டும். ஸ்பீக்கர் மீட்டிங்ல ஒருத்தர் தன் கதைய முழுசா சொல்லுவாரு, டிஸ்கஷன்ல எல்லாரும் பேசுவாங்க, ஸ்டெப் மீட்டிங்ல ஒரு படிய எடுத்துப் படிச்சுப் பேசுவாங்க. முதல் தடவைன்னா ஓபன் ஸ்பீக்கர் மீட்டிங் இல்லன்னா புதுசா வர்றவங்களுக்கான பிகினர்ஸ் மீட்டிங் பெட்டர், சும்மா உக்காந்து கேட்டுட்டு வரலாம். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் க்ளோஸ்டு போங்க, அங்கதான் ஆளுங்க மனசத் திறந்து பேசுறது நடக்கும்.

ஏஏ மேல உண்மையாவே சொல்லக்கூடிய குறை ரெண்டு. ஒண்ணு, கடவுள். படிகள்ல கடவுள்ங்கற சொல் திரும்பத் திரும்ப வருது, "நீங்க புரிஞ்சுக்கிட்ட விதத்துல"ன்னு சேத்துச் சொன்னாலும் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அது உறுத்தும். நாத்திகர்களுக்குன்னே, மதம் கலக்காத ஏஏ மீட்டிங்குகளும் இருக்கு, லிஸ்ட்ல செக்யூலர்னு போட்டிருப்பாங்க. ரெண்டாவது, குரூப்புக்கு குரூப் தரம் ரொம்ப மாறும், ஏன்னா ஒவ்வொரு குரூப்பும் தன்னைத் தானே நடத்திக்குது, மேல இருந்து யாரும் வந்து செக் பண்றதில்ல. ஒரு குரூப்புல அன்பா தூக்கி விடுவாங்க, இன்னொண்ணுல பழைய ஆளுங்க நாலு பேரு மட்டும் பேசிட்டே இருப்பாங்க. அதனால ஒரே ஒரு மீட்டிங் பாத்துட்டு "ஏஏ எனக்கு செட் ஆகல"ன்னு சொல்றது சரியில்ல, அந்த ரூம்தான் செட் ஆகல.

அடுத்து ஸ்மார்ட் ரெக்கவரி, 1994லருந்து இந்தப் பேர்ல நடக்குது. இது காக்னிடிவ் பிஹேவியரல் தெரபின்னு மனநல டாக்டருங்க, கவுன்சிலருங்க யூஸ் பண்ற முறையிலருந்து எடுத்த பயிற்சிகள வச்சு நடத்துறது. நாலு விஷயத்த சுத்தித்தான் எல்லாமே போகும்: விடணும்ங்கற உந்துதல எப்படி தக்க வச்சுக்கறது, குடிக்கணும்னு வர்ற வெறிய எப்படி சமாளிக்கறது, யோசனைய, உணர்ச்சிய, நடத்தைய எப்படி கையாளறது, வாழ்க்கைய எப்படி சமநிலையா வச்சுக்கறது. ட்ரெய்னிங் எடுத்த ஒருத்தர் நடத்துவாரு, அவரு குடிச்சவரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கலாம், கேள்வி கேக்கலாம். ஒரு பேப்பர நாலு கட்டமா மடிச்சு, குடிச்சா என்ன கிடைக்குது, என்ன போகுது, குடிக்கலன்னா என்ன கிடைக்குது, என்ன போகுதுன்னு எழுதச் சொல்லுவாங்க. முதல் கட்டத்த ரொம்பப் பேரு வெக்கப்பட்டு காலியா விட்டுடுவாங்க. அத நேர்மையா நெரப்பினாத்தான் மத்த மூணுக்கும் மதிப்பு, தூக்கம் வருது, பயம் போகுது, தனிமை தெரியல, இதெல்லாம் எழுதணும், ஏன்னா குடிய விட்டதும் இந்த வேலையெல்லாம் செய்ய வேற வழி தேட வேண்டி வரும். "நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லித்தான் ஆகணும்னு இங்க இல்ல, படி இல்ல, ஏஏல மாதிரி புதுசா வந்தவருக்குத் துணையா நிக்கிற பழைய மெம்பர், அதாவது ஸ்பான்சர், இல்ல, வாழ்நாள் பூரா வரணும்னும் இல்ல.

இதுல குறை என்னன்னா எண்ணிக்கை. நேர்ல நடக்குற மீட்டிங் ஏஏ அளவுக்குக் கிடையவே கிடையாது, வாரத்துக்கு ஒண்ணுதான்னு இருக்கும், பல எடத்துல அதுவும் இருக்காது, ஆன்லைன்தான் கதி. அதோட ஸ்பான்சர்னு ஒருத்தர் இல்லாததால ராத்திரி பதினோரு மணிக்கு குடிக்கணும்னு வந்தா யாருக்கு போன் பண்றதுங்கற கேள்வி வரும், அத நீங்களே யாரோடயாவது பேசி ஏற்பாடு பண்ணிக்கணும். எழுதிப் பாத்து யோசிக்கிற சுபாவம் உள்ளவங்களுக்கும், ஏஏல கடவுள் பேச்சால மூச்சு முட்டுனவங்களுக்கும் இத மனசார சிபாரிசு பண்ணுவேன்.

மத்தத சுருக்கமா சொல்றேன். உமன் ஃபார் சோப்ரைட்டி 1975ல ஜீன் கர்க்பேட்ரிக்னு சமூகவியல் படிச்ச ஒரு பெண்மணி தொடங்கினது, பெண்களுக்கு மட்டும். குடிக்கிற பெண் மேல சமூகம் போடுற குற்ற உணர்ச்சி ஏற்கனவே மலையா இருக்கு, அதுக்கு மேல தன்னை இன்னும் தாழ்த்திக்கச் சொல்றது பெண்களுக்கு உதவாதுங்கறது அவங்க வாதம், எனக்கு அது ரொம்ப சரியாப் படுது. ஆம்பளைங்க முன்னாடி பேச முடியாத விஷயம் இருக்குற பெண்கள் இதையோ, ஏஏல பெண்கள் மட்டும் கூடுற மீட்டிங்கையோ முதல்ல தேடணும். லைஃப்ரிங் மதம் இல்லாதது, போன வாரம் எப்படி போச்சுங்கறத சுத்தி சாதாரணமா பேசிக்கிற மாதிரி போகும். ரெக்கவரி தர்மா பௌத்த வழியில தியானத்தோட நடக்குறது. செலப்ரேட் ரெக்கவரி கிறிஸ்தவ நம்பிக்கையோட வெளிப்படையா நடக்குறது. மாடரேஷன் மேனேஜ்மென்ட்னு குடியக் குறைக்கிறதுக்கான குரூப் ஒண்ணும் இருக்கு, ஆனா அது இன்னும் அடிமையாகாதவங்களுக்குன்னு ஆரம்பிச்சது. நிறுத்தினா கை நடுங்குற ஸ்டேஜ்ல இருக்குறவங்க "குறைச்சுக்கறேன்"னு அதுக்குப் போறது ஆபத்து.

எது வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி என்ன சொல்லுது? 2020ல, பல ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுற காக்ரேன் ரிவ்யூ ஒண்ணு வந்துச்சு, 27 ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேல ஆளுங்க. ஏஏல சேத்து விடுறதுக்குன்னு முறையா வகுத்த சிகிச்சை எடுத்தவங்கள்ல ஒரு வருஷம் முடியறப்போ 42 சதவீதம் பேரு துளி கூட குடிக்காம இருந்தாங்க, காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி மாதிரி மத்த சிகிச்சை எடுத்தவங்கள்ல 35 சதவீதம். ஏஏ பக்கம் கொஞ்சம் கூடத்தான், ஆனா ரெண்டு பக்கமும் பாதிக்கு மேல ஆளுங்களுக்கு ஒரு தடவையில முடியலங்கறதையும் சேத்தே படிக்கணும். 2018ல வந்த இன்னொரு ஆய்வு ஏஏ மாதிரியான பன்னிரண்டு படி குரூப்புகள ஸ்மார்ட், லைஃப்ரிங், உமன் ஃபார் சோப்ரைட்டி மூணோடயும் வச்சுப் பாத்துச்சு. முழுசா விடணும்ங்கற குறிக்கோளோட, ஈடுபாட்டோட போனவங்களுக்கு எந்த குரூப்புங்கறதுல பெரிய வித்தியாசம் தெரியல. ஆக பேரப் பாத்து மண்டைய உடைச்சுக்க வேணாம். திரும்பத் திரும்ப போக முடியற எடமான்னு மட்டும் பாருங்க.

நேர்லயா ஆன்லைனா? ஆன்லைன்ல எந்த நேரத்துலயும் எங்கயாவது ஒரு மீட்டிங் ஓடிட்டே இருக்கும், ராத்திரி மூணு மணிக்குக் கூட. கேமராவ ஆஃப் பண்ணி, பேருக்கு பதிலா ஒரு எழுத்த மட்டும் போட்டு உக்காந்துக்கலாம். தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோங்கற பயம் இருக்குறவங்களுக்கு, சின்ன கொழந்தைய விட்டுட்டு நகர முடியாதவங்களுக்கு, உடம்பு முடியாதவங்களுக்கு இது பெரிய உதவி. சொந்த மொழியில பேசுற மீட்டிங் பக்கத்துல இல்லன்னா ஆன்லைன்ல கிடைக்க வாய்ப்பு இருக்கு, அதுக்காகவே தேடலாம், ஏன்னா வெக்கமான விஷயத்த ரெண்டாவது மொழியில சொல்றப்போ பாதி உள்ளயே நின்னுடும். ஆனா ஆன்லைன்ல கிளாஸ கையில வச்சுட்டே கேக்க முடியும், ஒரு க்ளிக்ல வெளிய போக முடியும், நீங்க வரலன்னா யாருக்கும் தெரியாது. நேர்லன்னா அந்த ஒரு மணி நேரமும், போக வர ஆகுற நேரமும் குடியிலருந்து கழிஞ்சுடுது, உங்க முகம் நாலு பேருக்குத் தெரிஞ்சுடுது, அடுத்த வாரம் காணோம்னா ஒருத்தராவது "என்னாச்சு"ன்னு கேப்பாங்க. ஆரம்ப மாசங்கள்ல நேர்ல முதுகெலும்பு மாதிரி ரெண்டு மூணு மீட்டிங், இடைப்பட்ட நாளுக்கு ஆன்லைன், இதுதான் என் ஓட்டு. நேர்ல வழியே இல்லன்னா ஆன்லைன்லயே தினமும் ஒரே குரூப், ஒரே நேரம், கேமராவ ஆன் பண்ணி.

தேடுறப்போ ரொம்பப் பேரு மாட்டிக்கிறது பழைய லிஸ்ட்ல. இண்டர்நெட்ல ஏதோ ஒரு பக்கத்துல போட்டிருந்த அட்ரஸுக்குப் போயி, பூட்டின கதவப் பாத்துட்டு திரும்புறப்போ நேரா பாருக்குத்தான் கால் போகும். அதனால அந்தந்த அமைப்போட அதிகாரபூர்வ தளத்துலயே பாருங்க, ஏஏக்கு மீட்டிங் கைடுன்னு ஆப் இருக்கு, ஸ்மார்ட்டுக்கும் அவங்க தளத்துலயே தேடலாம். பாத்ததோட நிறுத்தாம ஹெல்ப்லைனுக்கு ஒரு போன் போட்டு, "இந்தக் கிழமை இந்த நேரத்துல நடக்குற மீட்டிங் இன்னும் நடக்குதா? எந்த வாசல் வழியா உள்ள வரணும்? நான் புதுசு, வாசல்ல யாராவது நிப்பாங்களா?"ன்னு கேளுங்க. மூணாவது கேள்விய வெக்கப்படாம கேளுங்க, பெரும்பாலும் யாராவது ஒருத்தர் நிக்க ஒத்துக்குவாங்க, பல எடத்துல கூடவே வந்து கூட்டிட்டுப் போகவும் செய்வாங்க. டீஅடிக்ஷன் சென்டர், மனநல டாக்டர் இவங்ககிட்டயும் கேக்கலாம், எந்த குரூப் உயிரோட்டமா நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

எந்தப் பேர்ல இருந்தாலும் இதெல்லாம் நடந்தா அந்த குரூப்ப விட்டு வேற பாருங்க: காசு கட்டச் சொல்லி வற்புறுத்துறது, இங்க பேசினத வெளிய பேசுறது, புதுசா வந்த பெண்கிட்ட பழைய ஆம்பள மெம்பர் தனியா நெருங்கப் பாக்குறது, அப்புறம் மாத்திரைய நிறுத்தச் சொல்றது. கடைசியா சொன்னத நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் மாதிரி குடிக்கான மருந்தோ, டிப்ரஷனுக்கான மருந்தோ டாக்டர் குடுத்திருந்தா, "மாத்திரை சாப்பிட்டா அது குடிய விட்டதா ஆகாது"ன்னு சொல்ற ஆளு எந்த ரூம்லயாவது இருப்பாரு. ஏஏவே தன் வெளியீட்டுல மெம்பர் யாரும் டாக்டர் வேல பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. மருந்தும் மீட்டிங்கும் சேந்தே போகலாம்.

குடிக்கிறது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரரோ மகனோ அம்மாவோன்னா, உங்களுக்குத் தேவை வேற ரூம். அல்-அனான்னு 1951லருந்து குடும்பத்தாருக்குன்னே இருக்கு, பில் வில்சனோட மனைவி லோயிஸ் தொடங்கி வச்சவங்கள்ல ஒருத்தர். டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கு அலட்டீன் 1957லருந்து. அவரு குடிய விட்டாலும் விடலன்னாலும் நீங்க போகலாம், அவரோட சம்மதமும் வேணாம். அவர எப்படி நிறுத்த வைக்கிறதுன்னு அங்க சொல்லித் தர மாட்டாங்க, அத எதிர்பாத்துப் போனா முதல் நாள் ஏமாற்றமாத்தான் இருக்கும். பாட்டில ஒளிச்சு வைக்கிறது, ஆபீஸுக்கு போன் போட்டு காய்ச்சல்னு பொய் சொல்றது, ராத்திரி கேட் சத்தத்துக்காக முழிச்சுட்டு இருக்குறது, இதுலயே கரைஞ்சு போன உங்க நாள உங்களுக்குத் திருப்பிக் குடுக்குற எடம் அது.

முடிவு எடுக்க முடியாம நிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். இந்த வாரத்துல, குடிக்கிற நேரத்துல வர்ற, பக்கத்துல இருக்குற மூணு மீட்டிங்க எழுதி வச்சுக்கோங்க, ஒண்ணாவது வேற அமைப்பா இருக்கட்டும். மூணுக்கும் போங்க. எங்க யாரோ ஒருத்தர் பேசினது உங்க வீட்டுக் கதை மாதிரியே இருந்துச்சோ, அங்க அடுத்த ஒரு மாசம் விடாம போங்க, பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும். நடுவுல குடிச்சுட்டீங்கன்னா மறுநாள் அதே ரூமுக்கே போங்க, வெளிய தள்ள மாட்டாங்க, அங்க உக்காந்திருக்குற பாதிப் பேரு அப்படித் திரும்பி வந்தவங்கதான். பத்து நிமிஷம் முன்னாடி போயி நாற்காலி எடுத்துப் போட உதவுங்க, முடிஞ்சதும் உடனே ஓடாதீங்க, ஏன்னா போன் நம்பர் கைமாறுறது அந்த கடைசி பத்து நிமிஷத்துலதான். ரெண்டு நம்பராவது வாங்குங்க, வாங்கின அன்னிக்கு ராத்திரியே, குடிக்கணும்னு தோணாதப்பவே, ஒருத்தருக்கு போன் பண்ணி சும்மா ரெண்டு நிமிஷம் பேசி வச்சுக்கோங்க, அப்பத்தான் நெஜமாவே தேவைப்படுற ராத்திரியில அந்த நம்பர அழுத்த கை வரும்.